அக்கினித் தலத்தில் குளிர்ந்த மனை

ஐம்பூதத் தலங்களுள் திருவண்ணாமலை தீயின் தலம். அத்தீ ஞானத்தீ என்று பெரியோர் கூறுவர். ஆயினும் சித்திரையின் பிற்பகுதியில் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், செங்கம் சாலையிலும், ரமணாசிரமத்தை ஒட்டிய ரமண நகர்த் தெருக்களிலும், கான்கிரீட் தளத்தின் கீழ்ப் படுத்துறங்க முயலும் எளிய குடும்பத்தார்க்குத் தீ என்பது உவமையாக நிற்பதில்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவெல்லாம் அனலைக் கக்குகிறது. மின்விசிறி அவ்வனலையே வாரித் தலையில் கொட்டுகிறது. குழந்தை அழுகிறது, முதியவர் திண்ணை தேடுகிறார், விடிந்தால் வேலைக்குச் செல்லவேண்டியவர் விடியும்வரை விழித்திருக்கிறார். கடற்காற்று எட்டாத உள்நாடு. ஒருபுறம் இரண்டாயிரத்து அறுநூறு அடிக்குமேல் உயர்ந்த பாறைமலை. இங்கே வெயில் விருந்தினன் அல்லன், குடியிருப்பவன்.

இந்நிலையில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கேள்வி எழுகிறது: குறைந்த செலவில் வீட்டைக் குளிரச் செய்ய எந்தக் கருவியை வாங்குவது? கேள்வி நியாயமானதே. ஆனால் அது தலைகீழாக நிற்கும் கேள்வி என்பது நமது துணிபு. ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பவன் பெரிய சகடையையும் நீண்ட கயிற்றையும் தேடுவானோ? முதலில் ஓட்டையை அடைப்பானன்றோ? வெப்பம் புகும் வழியை அடைக்காமல் குளிர்ச்சியை விலைகொடுத்து வாங்குவதும் அத்தகையதே. முதலில் கூரை, அடுத்து நிழல், பின்பு காற்று, கடைசியாகவே இயந்திரம். இவ்வரிசை மாறினால் பணம் கரையும், வெக்கை கரையாது.

வெப்பம் புகும் வழி

திருவண்ணாமலை வடக்கே ஏறக்குறையப் பன்னிரண்டு பாகை அட்சரேகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் மாதத்தின் நான்காம் வாரத்தில் நண்பகற் சூரியன் இவ்வூரின் உச்சிக்கு நேராக வருகிறது. ஆகஸ்டில் மீண்டும் ஒருமுறை வருகிறது. உச்சிவெயில் சுவரைத் தொடுவது சிறிது. தளத்தின்மீதே அது முழுதும் விழுகிறது. நான்கைந்து அங்குலக் கனமுள்ள வெறுங் கான்கிரீட் தளம் வெப்பத்தைத் தடுப்பதில்லை; பகலில் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் தொட்டுச் சிறிது சிறிதாக வீட்டுக்குள் விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னும் உள்ளே புழுக்கம் தீராததன் காரணம் இதுவே. ஒற்றை மாடி வீட்டுக்கும், பல மாடிக் கட்டடத்தின் கடைசித் தளத்துக்கும் இவ்விதி ஒன்றே. கூரைக்கு அடுத்தபடி குற்றவாளி மேற்குச் சுவரும் அதன் சன்னலும். பிற்பகலில் சாய்ந்து வரும் வெயிலுக்கு அவை வாயிலாகின்றன.

முன்னோர் இதனை அறிந்தே கட்டினர். திண்ணை வெயிலைத் தெருவிலேயே நிறுத்தியது. முற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கிற்று. நாட்டோட்டுக் கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று ஊடாடிற்று. வசதியுள்ளோர் வீட்டில் மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய மதராஸ் தளம் இருந்தது. அதன் கனமும் சுண்ணாம்பும் வெப்பத்தை மெல்லவே உள்ளே விட்டன. சன்னலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் காற்றே மணந்து குளிர்ந்து வந்தது. ஏழையின் பனையோலைக் குடிசைக்கும் தென்னங்கீற்றுக் கொட்டகைக்கும் அவற்றுக்குரிய குளிர்ச்சி இருந்தது.

இவ்விடத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1896 செப்டம்பர் முதல் தேதி இவ்வூர் வந்தடைந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை மலையிலுள்ள விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். நீர் அருகிய கோடைகளில், சுனையின் பக்கத்திலுள்ள மாமரத்துக் குகைக்கு மாறினார். 1916 முதல் 1922 வரை வாழ்ந்த கந்தாச்சிரமத்திலோ மரநிழலும் ஊற்றும் உண்டு. 1922இல் அன்னையாரின் சமாதியருகே மலையடிவாரத்தில் தோன்றிய ஆசிரமத்தின் முதற் கட்டடம் ஒரு கீற்றுக் கொட்டகையே. 1946இல் பொன்விழாவுக்கு வந்த அன்பர் கூட்டம் அமர்ந்ததும் கீற்றுப் பந்தலின் கீழ்த்தான். பருவத்துக்கேற்ற இடம், நீரின் அருகாமை, நிழல், காற்றுப் புகும் கூரை ஆகியவையே அக்காலத்துக் குளிர்சாதனங்கள்.

குடிசை போனது, வெக்கை வந்தது

இதனால் யாம் குடிசை வாழ்வைப் போற்றிப் பாடுகின்றோம் என்று எவரும் கொள்ளற்க. கீற்றுக் கூரை தீப்பற்றும், மழையில் ஒழுகும், பூச்சியும் பாம்பும் அதனில் குடிபுகும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க வேண்டுமென்று 2010இல் தமிழக அரசு தீட்டிய திட்டம் ஆறாண்டுகளில் 21 லட்சம் குடிசைகளைக் குறி வைத்தது. 2011இல் வேறோர் அரசு 300 சதுர அடியில் சூரியசக்தி விளக்குடன் கூடிய பசுமை வீடுகளை அறிவித்தது. 2024இல் வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வகுத்தது. இவையெல்லாம் வேண்டியனவே. கூரையற்றவனுக்குக் கூரை கொடுப்பது அறம்.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். தீக்கும் மழைக்கும் அஞ்சாத கூரையைக் கொடுத்த நாம், வெயிலுக்கு அஞ்சாத கூரையைக் கொடுத்தோமா? முந்நூறு சதுர அடியில், வெறுந் தளத்தின் கீழ், ஒற்றைச் சன்னலோடு வாழ்பவர்க்குப் பழைய குடிசையின் குளிர்ச்சி போய்விட்டது. புதிய குளிர்சாதனத்தின் வசதி வரவில்லை. இரண்டுக்கும் இடையே அகப்பட்டவர் அவரே. நம் பேச்சு முதலாவதாக அவர்க்கே உரியது.

முதற் செலவு கூரைக்கு

மிக மலிவான மருந்து சுண்ணாம்பு. வெறுங் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உட்கொள்கிறது. புதிதாய் வெள்ளையடித்த தளமோ பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்ப வல்லது. தளத்தைப் பெருக்கிக் கழுவி, விரிசல்களை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டிச் சிறிது பசை சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பூச்சுக் கொடுத்தல் வேண்டும். பங்குனி பிறக்குமுன் இவ்வேலை முடிதல் நலம். சிறிய வீட்டுக்குச் சில நூறு ரூபாய்ப் பொருளும் ஒரு நாள் உழைப்பும் போதும். மழையில் கரையும் என்பர், உண்மையே. ஆண்டுதோறும் பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும் நாம், கோடைக்குக் கூரையை வெள்ளையடிப்பது பெரிய காரியமோ? பல ஆண்டு நிற்கும் வெண்பூச்சுகளும் கடைகளில் உண்டு, விலை பன்மடங்கு. தளம் அழுக்கேறினால் எப்பூச்சும் பயன் குன்றும். ஆதலின் இடையிடையே கழுவுதல் அவசியம்.

இதனால் வீடு மலைவாசஸ்தலம் ஆகிவிடாது. உள்வெப்பம் இரண்டு முதல் ஐந்து பாகை வரை குறையலாம். அதுவும் கூரையின் அமைப்பையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. எனினும் உறங்க முடியாத இரவுக்கும் உறங்கக்கூடிய இரவுக்கும் உள்ள தூரம் பல வேளைகளில் அந்த இரண்டு மூன்று பாகைதான்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவிடக்கூடியவர் தளத்தின்மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கலாம். வெள்ளை ஓடு பதித்தால் இன்னும் நன்று. மொட்டைமாடியில் பந்தல் இடுவது மற்றொரு வழி. பந்தலின் சிறப்பு நிழல் மட்டுமன்று. பந்தலுக்கும் தளத்துக்கும் இடையே ஓடும் காற்று. கீற்றானால் தீ அபாயத்தை மறத்தல் கூடாது. கார்த்திகையும் தீபாவளியும் வரும் ஊரிலே, கோடை கழிந்ததும் அதனைப் பிரித்து வைப்பதே அறிவு. பச்சை வலைப் பந்தல் கீற்றினும் எளிது. ஆனால் அது தளத்தைத் தொடாமல் உயர நிற்கவேண்டும்.

புதிதாய்க் கட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்க: கட்டும்போது சேர்க்கும் குளிர்ச்சிக்கு மாதச்சந்தா இல்லை. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகிக் கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டு எனும் முறையைப் பரப்பினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி இடையே வெற்றிடம் விடும் அச்சுவரில் நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சம்; உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்து வார்க்கும் தளத்தையும் அவர் பல வீடுகளில் கையாண்டார். ஆரோவில்லில் 1989இல் தோன்றிய மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமிட்டி கலந்து அழுத்திய கற்களால் கட்டும் முறையைக் கற்பித்து வருகிறது. இவை தூரதேசத்துச் சரக்கல்ல. நம் மண்ணும் நம் கொத்தனார் கையும் சேர்ந்தவை.

நிழலும் காற்றும்

சன்னலுக்கு உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தைத் தடுக்கும். வெப்பத்தைத் தடுப்பது குறைவு. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயிலே. எனவே மூங்கில் தட்டியோ, கோரைப்பாயோ, வெட்டிவேர்த் தட்டியோ சன்னலுக்கு வெளியே தொங்கவேண்டும். மேற்குப் பக்கத்தில் இடமிருந்தால் ஒரு வேம்போ புங்கமோ நடுக. பத்தாண்டில் அது தரும் நிழலை எக்கருவியும் தாராது. மொட்டையாய்க் கிடந்த இம்மலைச் சரிவுகளில் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொட்டு அன்பர்களும் ஊராரும் மரக்கன்று நட்டுக் கோடைத்தீயிலிருந்து காத்து வந்த உழைப்பின் பயனை, கிரிவலம் வருவோர் கண்ணாரக் காணலாம். மலைக்கு ஆனது மனைக்கு ஆகாதோ?

காற்றின் விதி எளிது. வெளிக்காற்று உள்ளிருப்பதினும் சூடாயிருக்கும் பகற்பொழுதில் சன்னலைச் சாத்துக. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுக. கொசுவலை அடித்த சன்னல் இருந்தால் இது ஏழைக்கும் எளிதாகும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, பகலெல்லாம் அனலை வரவேற்று, இரவில் அதற்குக் காவலும் வைக்கின்றனர்.

கருவிகளின் கணக்கு

இத்தனையும் செய்தபின் கருவிக்கு வருவோம். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலின் வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி மின்சாரத்தை வீணாக்கும் பொறியன்றி வேறன்று. காற்றின் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டினால் விசிறி உடலுக்குச் சூடேற்றவே செய்யும். அப்போது முதியோரையும் குழந்தைகளையும் ஈரத்துணியால் துடைத்து, நீரும் மோரும் கொடுத்துக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். பழைய விசிறி சுமார் 75 வாட் உண்ணும். பி.எல்.டி.ஸி. எனப்படும் புதுவகை விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால், மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்துக்குப் பழையது 90 யூனிட். புதியது 36 யூனிட்.

ஏர் கூலர் நீராவியாதலால் குளிர்விப்பது. வெட்டிவேர்த் தட்டியின் இயந்திர வடிவம். திருவண்ணாமலையின் வறண்ட கோடைப் பிற்பகலுக்கு அது பொருத்தமே. ஆனால் எதிரே ஒரு சன்னல் திறந்திருக்கவேண்டும். இல்லையேல் அறை ஈரப்புழுக்கமாகும். ஐப்பசி மழைக்காலத்தில் அதனால் பயனில்லை. நீர்ப்பஞ்சமுள்ள தெருவில் அதன் தாகத்தையும் எண்ணவேண்டும். தொட்டி நீரை அடிக்கடி மாற்றாவிடில் கொசு வளரும்.

இனி ஏ.ஸி. அதனை வெறுக்க வேண்டுவதில்லை. நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோர்க்கும் அது ஆடம்பரமன்று. ஆனால் அதன் விலை கடையில் முடிவதில்லை, மின்ரசீதில் தொடர்கிறது. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண அட்டவணையைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். விகிதங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் படிக்கட்டு எப்படித் தடுக்கி விழச்செய்யும் என்பதை அது நன்கு காட்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்தவர் கட்டியது 1,725 ரூபாய். 501 செலவழித்தவர் கட்டியது 1,958 ரூபாய். ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியவுடன் கீழ்ப்படியிலிருந்த சலுகை விகிதமும் பறிபோனதே காரணம்.

இரண்டு பழைய விசிறிகளோடு 260 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்றை நினைக்க. அதன் கட்டணம் 495 ரூபாய். அவ்வீட்டார் ஓர் ஏ.ஸி. வாங்கி இரவு எட்டு மணி நேரம் ஓட்டுகின்றனர். மணிக்கு முக்கால் யூனிட் எனக் கொண்டால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். மொத்தம் 620, கட்டணம் 2,930 ரூபாய். அவர்களே விசிறி இரண்டையும் மாற்றினால் 108 யூனிட் குறைந்து 512 ஆகிறது, கட்டணம் 2,046. கூரைக்கு வெள்ளையடித்து ஏ.ஸி.யின் பாரத்தைக் குறைத்து இன்னும் 12 யூனிட் மிச்சப்படுத்தினால் 1,725. சுண்ணாம்பு தந்த பரிசு 321 ரூபாய். கடைக்காரர் மாதத்தவணையை மட்டும் சொல்வார். இக்கணக்கைச் சொல்வது அவர் தொழிலன்று. நாமே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் வாங்குவோர் ஓர் அறைக்கு மட்டும் வாங்குக. நூறு, நூற்றிருபது சதுர அடி அறைக்கு ஒரு டன் பெரும்பாலும் போதும். நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குக. இருபத்தாறு பாகையில் வைத்து விசிறியையும் மெல்ல ஓடவிடுக. ஒரு பாகை உயர்த்தினால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அலுவலகம் கூறும் கணக்கு.

குளிர்காலத்தைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. மார்கழி விடியலில் இவ்வூர் சற்று நடுங்கும். கம்பளியும் சாத்திய சன்னலும் போதும். ஜவ்வாது மலையூர்களில்தான் குளிர் உறைக்கும். குளிர்காலத்து நெடுநாள் தங்கவரும் வெளிநாட்டன்பர்க்காக வெந்நீர் வேண்டும் விடுதிக்காரர், மின்கலத்துக்குப் பதில் சூரிய வெந்நீர்க்கலம் வைப்பாராயின், கோடையில் நம்மை வாட்டும் அதே சூரியன் குளிரில் கூலியின்றி வேலை செய்வான்.

ஊர் செய்யவேண்டுவது

வெயில் ஒருவர் வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. 2010இல் கொடிய வெப்ப அலையால் பல உயிரை இழந்த ஆமதாபாத் நகரம், 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் ஏழையர் குடியிருப்புக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் இயக்கத்தையும் மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. நன்று. ஆயின் செத்தபின் நான்கு லட்சம் ஒதுக்கும் கை, சாகாமற் காக்கும் சுண்ணாம்புக்கு நானூறு ரூபாய் ஒதுக்கத் தயங்கலாமோ?

பொதுநலத் தொண்டர்களுக்கு இங்கே தெளிவான வேலை இருக்கிறது. அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும் வெள்ளைத் தட்டோடும் எதிரெதிர்ச் சன்னலும் சேரவேண்டுமெனக் கேளுங்கள். பள்ளிக் கூரைகளையும் அங்கன்வாடிக் கூரைகளையும் பங்குனிக்குள் வெள்ளையடிக்கக் கேளுங்கள். வாடகைக்கு விடும் வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். தளத்தின் சூட்டை அனுபவிப்பவர் குடியிருப்பவர், தளத்துக்கு உரியவர் வேறொருவர் என்ற இடைவெளியிலேதான் பல வீடுகள் வேகின்றன. கேட்பதோடு நில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் மட்டையும் வாளியுமாகக் கூடினால் ஒரு தெருவின் கூரைகள் வெளுக்கும்.

கார்த்திகையில் மலையுச்சியில் ஏற்றும் தீபத்தை ஊரே கைகூப்பி வரவேற்கிறது. சித்திரையில் கூரையில் இறங்கும் தீயை அவ்வாறு வரவேற்க வேண்டுவதில்லை. அதனை வாயிலிலேயே நிறுத்தும் பொருள் சுண்ணாம்புக் காளவாயில் இருக்கிறது. கைதான் வரவேண்டும்.